லாரியில் வந்து இறங்கும் டிரவுட்: ஆற்றுக்கு நல்லதா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்கு டிரவுட் மீன்பிடி சீசன் தொடங்கும். தாத்தா, அப்பா, பிள்ளைகள் என ஆற்றங்கரையே களைகட்டும். ஆனால், தூண்டிலில் சிக்கும் மீன்களில் பெரும்பாலானவை ஆற்றில் பிறந்தவை அல்ல. அரசுப் பண்ணையில் வளர்த்து, லாரியில் கொண்டுவந்து விட்டவை. ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேல்!

அப்போ இது ஏமாத்து வேலையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேணும். கோடையில் சூடாகிவிடும் ஆறுகளில் அது தாக்குப்பிடிப்பது கஷ்டம். அங்கே வசந்தத்திலேயே பிடித்துச் சாப்பிடுவதில் தப்பில்லை. ஒரு நாளைக்கு 5 மீன்தான் என்ற வரம்பும் இருக்கு.

சிக்கல், கோடையிலும் குளிர்ச்சியா இருக்கும் மலை ஓடைகளில்தான். அங்கே புரூக் டிரவுட் தானாகவே பெருகி வாழ்கிறது. மாநிலத்தின் அடையாள மீனே அதுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த பிரவுன் டிரவுட், இரைக்கும் இடத்துக்கும் அதோடு மல்லுக்கட்டுகிறது. இப்படிப்பட்ட எல்லா ஓடைகளும் லாரியிடமிருந்து தப்புவதில்லை.

சூடாகும் ஆறுகளில் மீன் விடட்டும், கொண்டாடட்டும். புரூக் டிரவுட் ஓடைக்குத் தேவை லாரி அல்ல. கரையில் நிழல் தரும் மரங்கள்.