ஜிப்சம் பாஸ்மாருக்கும் சான்றிதழ் வேண்டும்

கடையோ அலுவலகமோ திறப்பவர்கள் செங்கல் சுவருக்குப் பதிலாக ஜிப்சம் போர்ட் பார்டிஷன் கேட்கின்றனர். பலகை தாராளமாகக் கிடைக்கிறது. அதை முறையாகப் பொருத்தத் தெரிந்த பாஸ்மார்தான் குறைவு. இரண்டடிக்கு ஒன்றாக நிற்க வேண்டிய இரும்புச் சட்டத்தை மூன்றடிக்கு ஒன்றாக நிறுத்தினால் சுவர் ஆடும். மூட்டில் டேப் ஒட்டாமல் பூசினால் வெடிக்கும். ஈரம் தாங்கும் பச்சைப் பலகை போடவேண்டிய குளியலறைக்குச் சாதாரணப் பலகையைப் போட்டால் ஊறிவிடும். பழியோ பலகை விற்ற எங்கள் தலையில்!

வேலை நன்கு தெரிந்தவரிடமும் அதைக் காட்ட ஒரு தாள் இல்லை. கட்டாருக்குப் போனால் பத்து வருட அனுபவசாலியும் வெறும் கூலியாளாகப் பதியப்படலாம்.

தேசிய தொழில் தகைமை எனும் என்.வி.க்யூ. நம் நாட்டில் ஏழு மட்டங்களில் உண்டு; முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையையும் கைத்திறனையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் இருக்கிறது. தமது வேலை எந்தத் தகைமையின் கீழ் வருகிறது என்று தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்தில் விசாரிக்கலாம்.

“சான்றிதழ் கிடைத்தால் பையன் கூலி கூட்டிக் கேட்பான்” எனச் சில ஒப்பந்தக்காரர்கள் தயங்குகின்றனர். கேட்கட்டுமே! சுவரைப் பிரித்து மீண்டும் கட்டும் செலவைவிடவா அது அதிகம்? மதிப்பீட்டு நாளில் சம்பளத்துடன் லீவு கொடுத்து அனுப்புங்கள்.