சவேரியாரை உறங்கவிடாத சிறுவர்கள்

குழந்தைகளின் அன்றாடச் செய்கைகளிலே கிறிஸ்தவ ஞானத்தைக் காட்ட முற்படும் பிரசங்கங்கள் பலவும், குழந்தை என்றாலே களங்கமற்ற தேவதூதன் என்று கொண்டு தொடங்குவதைக் கேட்கும்போது, பிரசங்கியார் தூத்துக்குடி முத்தையாபுரத்துத் தெரு எதிலேனும் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்ததுண்டா என்ற ஐயம் எனக்கு எழுவது வழக்கம். ஒரு பனங்கிழங்குக்காக அண்ணனைக் கடித்துவிடும் தங்கையையும், தோற்கும் தறுவாயில் ஆட்டத்தின் விதியையே மாற்றிவிடும் சிறுவனையும் அங்கே தாராளமாகக் காணலாம். பால்குடி மாறாத சிசுவின் முகத்திலேயே பொறாமையைக் கண்டதாகப் புனித அகுஸ்தினார் எழுதிவைத்தது மிகையன்று.

அங்ஙனமாயின், இயேசு பெருமான் ஒரு பிள்ளையை அழைத்துச் சீடர் நடுவே நிறுத்தியது எதற்காக? பரலோக ராச்சியத்தில் பெரியவன் யார் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையாகவே நிறுத்தினார். அக்காலத்துப் பிள்ளைக்குப் பதவியில்லை, சொத்தில்லை, சபையிலே சொல்லுமில்லை; கொடுத்ததைப் பெற்றுக்கொள்வதன்றி அதற்கு வேறு கதியில்லை. உப்பளத்தில் நாள் முழுதும் நின்று வெடித்த பாதங்களோடு வீடு திரும்பும் தாயிடம் ஓடிவரும் குழந்தை, காலையில் அடி வாங்கியதையும் மதியம் பொய் சொன்னதையும் தனக்குத் தடையாக எண்ணாமல், தன் நன்னடத்தைக்குக் கணக்கேதும் காட்டாமல், அவள் தருவாள் என்ற நிச்சயம் ஒன்றையே பற்றிக்கொண்டு கை நீட்டுகிறதே, அந்தச் சுபாவந்தான் நமக்கு அரிதாகிவிட்டது. நோன்பையும் நன்கொடையையும் எண்ணி வைத்து ஆண்டவரோடு வழக்காடுகிறோம். பெயர் எழுதாமல் ஒரு மின்விசிறியைக்கூட நம்மால் கோயிலுக்குக் கொடுக்க முடிவதில்லை.

இக்கரையில் பிள்ளைகளின் அந்தச் சுபாவத்தைக் கண்டுகொண்டவர் புனித சவேரியார். 1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஒரு ஜெபமாவது கற்றுத்தரும்வரை தம்மை உண்ணவும் உறங்கவும் விடாத பரதவச் சிறுவர்களைப் பற்றிச் சொல்லி, பரலோக ராச்சியம் இத்தகையோருக்குரியது என்பதைத் தாம் அப்போதுதான் உணரத் தொடங்கியதாகக் குறிப்பிடுகிறார். பிற்பாடு, பிணியாளரின் வீடுகளுக்குத் தாம் போக முடியாத வேளைகளில் அச்சிறுவர்களையே ஜெபிக்க அனுப்பினார்.

ஆயினும் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், அப்பிள்ளைகள் விக்கிரகங்களை உடைத்ததையும், விக்கிரக வழிபாடு செய்த பெற்றோரையே தம்மிடம் காட்டிக்கொடுத்ததையும் அவர் மகிழ்ந்து பாராட்டும் பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை. ஜெபத்தைக் கேட்டு நச்சரித்தது பிள்ளையின் சுபாவம். பெற்றோர்மீது ஏவப்பட்ட வைராக்கியமோ பெரியவர்கள் இரவல் கொடுத்தது. அதில் பாடம் இருக்குமானால் அது நம்மைப் பற்றியதே.

இரவல் கொடுப்பதை நாம் இன்னும் விடவில்லை. மறைக்கல்விப் பரிசளிப்பு விழாக்களில் முதல், இரண்டாம், மூன்றாம் இடமென்று பிள்ளைகளை மேடையில் வரிசைப்படுத்தும்போது, பெரியவன் யார் என்று சீடர் கேட்ட அதே கேள்வியை அவர்கள் வாயில் திணிப்பவர்கள் நாமே. அந்த வரிசையை இவ்வாண்டே நிறுத்திவிட்டு, வந்த பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே பரிசைக் கொடுக்கலாம். பெற்றோர் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். பிள்ளைகள் கோபித்துக்கொண்டாலும் மறுநாள் விளையாட வந்துவிடுவார்கள்.