பனிநாட்டுச் சிற்றூரும் தொலைக்காட்சியும்

கனடா நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்திற்கு அப்பால், இக்லூலிக் என்னும் சிற்றூர் ஒன்று உளது. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் தீவு அது. குளிர்காலத்தில் பல வாரங்கள் ஞாயிறு தோன்றுவதே இல்லை. அங்கு வாழ்பவர் இனுவிட் மக்கள். சீல், வால்ரஸ் முதலிய கடல் விலங்குகளை வேட்டையாடிப் பன்னெடுங்காலம் வாழ்ந்த தொல்குடியினர். அவர்தம் மொழி இனுக்டிடூட். இச்சிற்றூர் மக்கள், தொலைக்காட்சி எங்களுக்கு வேண்டா என்று ஒருமுறைக்கு இருமுறை வாக்களித்தனர்.

1972-ஆம் ஆண்டில் கனடா செயற்கைக்கோள் ஒன்றை விண்ணில் செலுத்தியது. அதற்கு ஆனிக் என்று பெயரிட்டனர். இனுக்டிடூட் மொழியில் அச்சொல்லுக்கு உடன்பிறந்தான் என்பது பொருள். வடபுலத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் தொலைக்காட்சியைக் கொண்டு செல்ல அக்கோள் வழி செய்தது. ஆனால், தென்பகுதிப் பெருநகரங்களில் ஆக்கப்பட்ட நிகழ்ச்சிகளே அதன் வழியாக வந்தன. சூட்டிய பெயர் இனுவிட் மக்களின் மொழி. பேசிய பேச்சோ பிறர் மொழி. உடன்பிறந்தான் ஒருவன் வீட்டிற்குள் வந்து அமர்ந்து, பாட்டிக்கும் பாட்டனுக்கும் விளங்காத மொழியில் ஓயாது பேசினால் எப்படியிருக்கும்? இக்லூலிக் மக்கள் 1975-இலும், மீண்டும் 1979-இலும் இவ்விருந்தினனை மறுத்தனர். தம் மொழியில் நிகழ்ச்சிகள் இல்லாமையே அம்மறுப்பிற்குக் காரணம்.

புதுமையைக் கண்டு அஞ்சியவர்கள் என்று இவர்களைச் சிலர் எளிதில் ஒதுக்கிவிடுவர். அது பொருந்தாது. அம்மக்கள் வேட்டைத் துப்பாக்கியை ஏற்றனர், பனியில் ஓடும் இயந்திர வண்டியை ஏற்றனர், வானொலியைக் கேட்டனர். துப்பாக்கி எம்மொழியும் பேசுவதில்லை. அதை ஏந்திய தந்தை தன் மொழியிலேயே மகனுக்கு வேட்டையைக் கற்பிக்கலாம். தொலைக்காட்சி அத்தகையது அன்று. அது வீட்டில் உள்ளோரின் பேச்சை நிறுத்திவிட்டுத் தான் பேசுவது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உறைந்த கடலின்மேல் நடந்து வேட்டையாடும் ஒருவன் எத்தனை செய்திகளை அறிந்திருக்க வேண்டும்! எந்தப் பனிக்கட்டி ஆளைத் தாங்கும், எது பிளந்துவிடும். எந்தப் பனி குடில் கட்ட ஏற்றது, எது உருக்கிக் குடிக்க ஏற்றது. காற்று எத்திசையிலிருந்து வீசிப் பனியின்மேல் எவ்வகை வரிகளை வரைந்துள்ளது: இவையெல்லாம் உயிரைக் காக்கும் அறிவு. இவ்வறிவு ஏட்டில் இருந்ததன்று; முதியோரின் வாய்ச்சொல்லில் இருந்தது. நெடிய இரவுகளில் கதையாகவும் பாட்டாகவும் நகையாட்டாகவும் அது பேரப்பிள்ளைகளின் செவியில் ஏறியது. அதற்கு வேண்டியவை அம்மக்களின் மொழியும் ஓய்ந்திருக்கும் மாலைப்பொழுதும். அயல்மொழித் தொலைக்காட்சி இவ்விரண்டையும் ஒருங்கே கவர்ந்துகொள்கிறது. கேட்கப்படாமற்போன கதைக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

1981-இல் இனுவிட் ஒளிபரப்புக் கழகம் நிறுவப்பெற்றது. மறு ஆண்டில் ஒளிபரப்பும் தொடங்கியது. அதன் பின்னரே இக்லூலிக் தொலைக்காட்சியை ஏற்றது. ஆயினும், கிடைத்தது மிகச் சிறிது: வாரத்திற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம், அதுவும் பெரும்பாலும் ஏனைய நிகழ்ச்சிகள் முடிந்து ஊர் உறங்கும் நேரம். தம் மண்ணில் தம் மொழியைக் கேட்க நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும் என்பது நீதியாகுமா? 1992-இல் வடபுலத்திற்கெனத் தனி அலைவரிசை ஏற்பட்ட பிறகுதான் இக்குறை குறையத் தொடங்கியது. அக்கழகம் சிறுவர்க்கென ஆக்கிய 'தகுகினை' என்னும் நிகழ்ச்சியில் பொம்மைகள் இனுக்டிடூட் பேசின. பொம்மை பேசும் மொழியைக் குழந்தை தாழ்வாக எண்ணாது.

தொலைக்காட்சி இல்லாதிருந்த அந்த இக்லூலிக்கில் சக்காரியஸ் குனுக் என்னும் சிற்பி இருந்தார். அவர் 1981-இல் தாம் செதுக்கிய கற்சிற்பங்களை விற்று, அப்பணத்தில் ஒரு நிகழ்படக் கருவியை வாங்கினார். பின்னர் நண்பர்களோடு சேர்ந்து 1990-இல் 'இசுமா' என்ற படநிறுவனத்தைத் தொடங்கினார். இசுமா என்றால் சிந்தனை. அவருடைய தோழர் பால் அபாக், உறைந்த கடலின்மேல் ஆடையின்றி ஓடி உயிர் தப்பிய ஒருவனைப் பற்றிய தொல்கதையை முதியோர் பலர் வாயிலாகக் கேட்டுத் தொகுத்தார். அக்கதை 'அதனார்ஜுவாட்' என்னும் முழுநீளப் படமாயிற்று. அது முற்றும் இனுக்டிடூட் பேசும் படம். 2001-இல் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில், முதற்படம் எடுத்தோர்க்கு அளிக்கப்பெறும் 'காமரா தோர்' விருது அதற்குக் கிடைத்தது. கதையைச் சொல்ல முதியோரும், கேட்க இளையோரும் அவ்வூரில் எஞ்சியிருந்தமைக்கு அம்மறுப்பும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அத்தகைய மறுப்பு இன்று இயலுமா என்பதுதான் ஐயம். விண்ணிலிருந்து வரும் ஒளிபரப்பை ஏற்க ஊருக்கு ஒரு நிலையம் வேண்டியிருந்த காலத்தில், ஊர் கூடி அதனை மறுக்க முடிந்தது. கைப்பேசியோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தனித்தனியே நுழைகிறது. அதற்கு ஊர் வாக்கு இல்லை. 2021 சனவரியில் 'உவகுட்' என்ற பெயரில், நாள் முழுதும் இனுவிட் மொழியில் ஒளிபரப்பும் தொலைக்காட்சி தொடங்கியது. 1975-இல் இக்லூலிக் கேட்டது அன்று முழுமையாகக் கிடைத்தது. அதற்குள் பிள்ளைகள் பலரின் கண்கள் வேறொரு சிறு திரைக்குச் சென்றிருந்தன.