உட்கூரைக்குள் ஒழுகும் காற்று

நீர்க்குழாய் ஒழுகினால் தரை நனையும். வீட்டார் அன்றே குழாய் வேலைக்காரரைத் தேடி ஆளனுப்புவர். காற்றுக்குழாய் ஒழுகினால் நனைவது யாதுமில்லை. ஆதலின் அதனைத் தேடுவாரும் இலர். உட்கூரைக்கு மேலே, பல்லியும் எலியும் குடியிருக்கும் இருட்டிலே, பணங்கொடுத்துக் குளிர்வித்த காற்று ஆண்டுக்கணக்காக வீணே கழிகின்றது. இத்தகையதொரு பொருளைக் கல்லூரி விழாமலரிற் பேசுவது சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். நம் பழைய மாணவருள் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், வணிகரும் கொந்தராத்துக்காரரும் உளர். கண்டி நகரிலும், கட்டுகஸ்தோட்டை, மடவளை, வத்தேகம முதலாய அயலூர்களிலும் எழுகின்ற கட்டடங்களிற் பல இத்தகையோரின் கையெழுத்தினாலேயே எழுகின்றன. ஆகவே சொல்லவேண்டியதைச் சொல்லத்தக்க இடம் இதுவே எனத் துணிந்தோம்.

நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. பொதுமக்கள் கூடும் எக்கட்டடத்திலும், காற்றுக்குழாய்களை உட்கூரை மூடுவதற்கு முன்னரே அமுக்கம் ஏற்றிக் கசிவை அளந்து பார்த்தல் வேண்டும். அச்சோதனை ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். அளவிற் தேறாத வேலைக்கு இறுதிப் பணம் கொடுத்தலாகாது.

சோதனை கடினமானதோ எனின், அன்று. கொல்லன் தன் துருத்தியின் வாயை அடைத்து அமுக்கிப் பார்க்கின்றான். காற்று எங்கேனும் சீறினால் உலை மூட்டுமுன் தோலைத் தைக்கின்றான். சைக்கிளின் இறப்பர்க் குழாயை நீரில் அமிழ்த்திக் குமிழி தேடாத சிறுவன் நம் நாட்டில் இல்லை. பெருங் கட்டடத்திற் செய்வதும் இதுவே. குழாய்த்தொடரின் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, காற்றுவாய்கள் அனைத்தையும் இறுக அடைப்பர். அடைத்த பகுதியோடு ஒரு சிறு விசிறியைப் பொருத்துவர். குறித்த அமுக்கம் வரும்வரை விசிறி காற்றைச் செலுத்தும். அமுக்கம் அசையாது நிற்கும் நிலையில், விசிறி இன்னும் எவ்வளவு காற்றைச் செலுத்துகின்றதோ அவ்வளவும் கசிந்து போகும் காற்றே. அதனை ஒரு துவாரத் தகடும் அமுக்கமானியும் காட்டிவிடும். பிரித்தானிய முறையில் அமுக்கத்தைப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைத்துக் கசிவு கூடவில்லை என்று காண்பர். பின் விசிறியை நிறுத்தி, உடனே மீண்டும் ஏற்றிப் பார்ப்பர். ஓட்டை எங்குளது என்பதைக் காதும் சவர்க்கார நுரையும் புகையும் சொல்லும். குழாயின் மீது வெப்பத்தடைப் போர்வை சுற்றுவதற்கு முன் இதனைச் செய்துவிடல் வேண்டும்; சுற்றியபின் கேட்பதும் காண்பதும் அரிது.

மலைநாட்டாராகிய நமக்கு இவ்வித்தை முற்றும் புதிதன்று. தோட்டத்தார் 'ஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை, உள்ளபடி சொன்னால், காற்றை வேலை வாங்கும் கட்டடமே. பழைய ஸ்டோர்களின் மேற்தட்டுகளிற் சாக்குத்துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, விசிறிகளாற் காற்றை இழுத்து வாட்டினர். பின்னர் வந்த வாட்டுத் தொட்டியில், அடியிலே நீண்ட காற்றறை, அதன்மேற் கம்பிவலை, வலைமேற் கொழுந்து, ஒரு முனையில் விசிறி. பறித்த கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேல் நீர். அந்நீரின் ஒரு பகுதியைக் காற்றே கொண்டுசெல்ல வேண்டும். காற்றறையின் பக்கப்பலகை விலகியிருந்தாலோ, கதவு பொருந்தாதிருந்தாலோ, காற்று கொழுந்தினூடே ஏறாது ஓட்டைவழி ஓடிவிடும். ஓரிடம் காய, ஓரிடம் பச்சையாய் நிற்கும். டீமேக்கர் ஒரு பிடி கொழுந்தைக் கையிற் பிடித்து உருட்டிப் பார்த்த அளவில் அதனை அறிந்துவிடுவார். காற்று போன வழியைக் கொழுந்தே சொல்லிக் கொடுத்தமையால், ஸ்டோரில் எவரும் கசிவைக் காணாதுவிட்டதில்லை. நகரக் கட்டடத்தில் அவ்வாறு சாட்சி சொல்லுங் கொழுந்து இல்லாமையே குறை.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு உவமை மாத்திரமன்று, வரலாறுமாகும். அயர்லாந்தினரான சாமுவேல் டேவிட்சன் 1864இல் அசாமின் கச்சார்ப் பகுதிக்குத் தேயிலைத் தொழில் பயில வந்தவர். தேயிலை உலர்த்தும் இயந்திரத்தை அமைத்து 'சிறொக்கோ' எனப் பெயரிட்டு, 1881இற் பெல்பாஸ்ற் நகரில் தொழிற்சாலை நிறுவினார். இலங்கைத் தோட்டங்களிலும் அப்பெயரை அறியாதார் இலர். தேயிலைக்காக விசிறியை ஆராய்ந்த அவர், 1898இல் முன்னோக்கி வளைந்த அலகுகளையுடைய விசிறியைக் கண்டார். 1903இல் திறக்கப்பட்ட பெல்பாஸ்ற் றோயல் விக்ரோரியா வைத்தியசாலையில், நிலத்தின் கீழ் அமைந்த நீண்ட செங்கற் சுரங்கத்தின் வழியே வாட்டுகளுக்குக் காற்றைச் செலுத்தியவை அவருடைய விசிறிகளே. கொழுந்தை வாட்டப் பிறந்த அறிவு நோயாளர் மூச்சுவிடும் காற்றை நடத்தப் போயிற்று. கந்தானைச் சரிவில், 1925இற் கட்டப்பட்ட ஸ்டோரில் 2001 முதல் இயங்கிவரும் தேயிலை நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், இயந்திரங்களைக் காட்டுமிடத்து இக்கதையையும் சொல்லலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பிரித்தானியத் தகட்டுவேலை விதிநூலாகிய டீ.டபிள்யூ. 142 என்பது 1982இல் வந்தது, 1998இல் டீ.டபிள்யூ. 144 அதன் இடத்தைப் பெற்றது. சோதிக்கும் முறையைச் சொல்வது 143 என்னுந் துணைநூல். இவை கசிவை ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கின்றன. ஐரோப்பிய நியமங்கள் இன்னும் இறுக்கமான டி தரத்தையும் கொள்கின்றன. 500 பாஸ்கல் அமுக்கத்தில், அஃதாவது ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் உயர நீரின் அமுக்கத்தில், ஒரு சதுர மீற்றர்க் குழாய்ப் பரப்பிலிருந்து வினாடிக்கு ஒன்றரை இலீற்றர் வரை கசிவதை ஏ தரம் பொறுக்கும். பி தரம் அதில் மூன்றிலொன்றையும், சி தரம் ஒன்பதிலொன்றையுமே பொறுக்கும். 200 சதுர மீற்றர்க் குழாயுள்ள மண்டபத்தில், ஏ தரத்திற் போகக்கூடியது வினாடிக்கு ஏறக்குறைய 300 இலீற்றர். சி தரத்தில் 34 இலீற்றர். ஒருவருக்கு வினாடிக்கு 10 இலீற்றர் புதுக்காற்று என்பது பொறியியலாளர் பரவலாகக் கொள்ளும் அளவு. முப்பது பேருக்குப் போதிய அளவு காற்று உட்கூரைக்குட் போவதை விதிநூலின் கடைத்தரமே அனுமதிக்கின்றது என்றால், யாதொரு விதியும் பாராத வேலையிற் போவது எவ்வளவோ!

போன காற்றை ஈடுசெய்ய விசிறியை விரைவாக்கலாம் என்பர். காற்றின் அளவைப் பத்து வீதம் கூட்டினால் விசிறிக்கு வேண்டிய வலு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடும். வலு கனவளவாய் ஏறுவது விசிறியின் இயல்பு. 2022 ஆகத்தில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியதை எவரும் மறந்திரார். பின்னர் சில தடவை குறைந்தது உண்மையே. ஆயினும் அந்த மாதங்களில் வந்த பட்டியலைக் கண்டு குளிரூட்டியை நிறுத்திய வணிகர் பலர். நிறுத்துமுன் உட்கூரைக்குள் எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இஸ்லாமியச் சகோதரர் பெரும்பான்மையாய் வாழும் மடவளை, கடைத்தெருவாற் பெயர்பெற்ற ஊர். அப்பகுதியில் நாமறிந்த மண்டபம் ஒன்றுண்டு, பெயர் வேண்டா. மேடையருகே இருப்போர் சால்வையை இழுத்துப் போர்த்துவர். பின்வரிசையில் இருப்போர் திருமண அழைப்பிதழால் விசிறிக்கொள்வர். இயந்திரம் சிறிது என்று எண்ணி உரிமையாளர் இரண்டாவது இயந்திரமும் வாங்கினார். பின்வரிசை அவ்வாறே வியர்த்தது. உட்கூரையில் ஈரக்கறை படர்ந்தது. மழைநீர் ஒழுகுகின்றதென்று கூரைத் தகட்டையும் மாற்றினார். ஈற்றில் ஒரு பலகையைக் கழற்றி ஏறிப் பார்த்தபோது, இரண்டு குழாய்கள் கூடும் மூட்டொன்று விரலகலம் வாய்திறந்து கிடந்தது. பசையும் இல்லை, இறப்பரும் இல்லை. உட்கூரைக்குள்ளே மார்கழிக் குளிர்! வெளியேறிய குளிர்காற்று அயலிலுள்ளவற்றைக் குளிர்விக்க, கண்டிப் புறத்தின் ஈரக்காற்று அவற்றிற் படிந்து நீராகிச் சொட்டியதே அக்கறைக்குக் காரணம். திறப்பு விழாவுக்கு முன் அரைநாள் சோதனை நடந்திருந்தால் இரண்டாவது இயந்திரமும் வேண்டியதில்லை, புதுக்கூரையும் வேண்டியதில்லை.

மண்டபத்தில் வியர்வையோடு போயிற்று. வைத்தியசாலையில் அவ்வாறன்று. சத்திரசிகிச்சைக் கூடத்தில் வடிகட்டிய காற்று உட்புகுந்து, அமுக்கம் வெளியிலும் சற்று உயர்ந்து நிற்றல் வேண்டும். அப்பொழுதே கதவு திறக்கும்போது நடையிலுள்ள தூசு உள்ளே வாராது. தொற்றுநோயாளரின் தனிமையறையில் இதற்கு மறுதலையாக, அமுக்கம் தாழ்ந்து நிற்றல் வேண்டும். அவ்வறைக் காற்றை வெளியேற்றும் விசிறியைக் குழாயின் புறமுனையில், கட்டடத்துக்கு வெளியே வைப்பது நல்ல வழக்கம். அப்பொழுது உள்ளிருக்கும் குழாய் முழுவதும் இழுப்பில் இருக்கும். ஓட்டை இருப்பினும் நோய்க்காற்று வெளியே சிந்தாது. ஆயின் அவ்வோட்டை உட்கூரைக் காற்றை உறிஞ்சும். விசிறி தன் முழுவலுவோடும் சுழன்றுகொண்டிருக்க, நோயாளரின் அறையிலிருந்து வரவேண்டிய காற்று குறைந்துபோம். விசிறியின் ஓசையைக் கேட்டு எல்லாஞ் செவ்வனே நடக்கின்றதென்று தாதியர் நம்புவர். 2020இற் கோவிட் நோய் பரவியபோது, காற்று எங்கிருந்து எங்கே போகின்றது என்ற வினா உலகெங்கும் எழுந்தது. அவ்வினாவுக்கு விடையாக நிற்பது அளவேயன்றி நம்பிக்கையன்று.

இங்கே ஒரு தடையுண்டு. மேலே சொன்ன பிரித்தானிய வழக்கில், உயரமுக்கக் குழாய்களுக்கே சோதனை கட்டாயம். தாழ்ந்த அமுக்கக் குழாய்களை ஒப்பந்தம் கேட்டாலன்றிச் சோதிப்பதில்லை. நம்மூர் மண்டபங்களினதும் கடைகளினதும் குழாய்கள் பெரும்பாலும் தாழ்ந்த அமுக்கத்தனவே. ஆகவே, கேளாதார்க்குச் சோதனையுமில்லை. 'கேட்டால் விலை கூடும், திறப்புநாள் பிந்தும்' என்பர். விலை சிறிது கூடும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின் சுவீடன் நாட்டார் 1966 முதலே கசிவுத் தரம் வகுத்து, மாதிரிக்குச் சில பகுதிகளைச் சோதிக்கும் வழக்கத்தை ஒப்பந்த வேலையின் அங்கமாக்கினர். எப்பகுதியைச் சோதிப்பது என்பதைக் கட்டுவிப்போர் தரப்பே தெரிந்தெடுக்கும். தவறினால் திருத்தி வேறொரு பகுதியைக் காட்டவேண்டும்; அதுவுந் தவறினால் முழுவதையுஞ் சோதிக்கவேண்டும். இவ்வச்சத்தினாலேயே அங்கு இறப்பர் வளையம் பொருத்திய வட்டக்குழாய் மூட்டு வழக்கிற் பரவியது, வேலையும் விரைவாயிற்று. சோதனை வேலையைத் தாமதிக்கும் என்பார் இதனை எண்ணுக.

நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது மற்றொன்று. நாகம் பூசிய தகட்டை மடித்து, மூலைதோறும் பசையிட்டு, விளிம்புகளுக்கிடையே இறப்பர் வைத்து ஆணி முறுக்கும் தொழிலாளி ஒருவன். இவற்றுள் ஒன்றுஞ் செய்யாது குழாயைத் தூக்கி மாட்டுபவன் மற்றொருவன். உட்கூரை மூடியபின் இருவர் வேலையும் ஒன்றே. விலைமனுவில் இரண்டாமவனே குறைந்த தொகை கேட்பான். வேலையும் அவனுக்கே போகும். நல்ல தொழிலாளி ஒன்று பசையைக் கைவிடவேண்டும், அன்றித் தொழிலைக் கைவிடவேண்டும். தரத்தை அளவாத ஊரில் தரமான கைகள் நெடுநாள் நில்லா. அமுக்கமானியின் முன்னே அவன் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

கருவி வேண்டுமே என்பீர். 1964இற் பேராதனைக்கு வந்த பொறியியற் பீடம் நம் வாயிலிலேயே உளது. முறையைக் கற்பிக்க வல்லார்க்குக் குறைவில்லை. சோதனைக் கருவியோ ஒரு சிறு வானில் ஏற்றத்தக்கது: விசிறி ஒன்று, துவாரத் தகடுகள் சில, அமுக்கமானி இரண்டு, நெகிழ்குழாய் ஒரு சுருள். நம் பழைய மாணவர் சங்கம் விழா நிதியிலிருந்து ஒரு கருவியை வாங்கிக் கண்டியிலே வைக்கலாம். ஆண்டுதோறும் அதன் அளவைச் சரிபார்ப்பித்து, தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் இருவரிடம் ஒப்புவித்து, கட்டுவிப்போர்க்கு நாள் வாடகைக்கு விடலாம். வைத்தியசாலை வேலைக்கு வாடகை வாங்கவேண்டா. சோதித்த நாள், குழாய்ப் பரப்பு, அமுக்கம், கண்ட கசிவு, உடனிருந்தவர் கையெழுத்து ஆகியன எழுதிய தாளின் ஒரு படியைச் சங்கச் செயலாளர் பேணுவாராக. முதல் தாள் மடவளையிலிருந்து வருமாயின் மகிழ்வோம். அந்த மண்டப உரிமையாளர் மூன்றாவது இயந்திரத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பதாக அறிகின்றோம்.