புட்டி நிறைந்தால் போதுமா?

விடுதி அறைகளில் ஹாம்ஸ்டர் வளர்க்கும் ஆசை நம் நண்பர்கள் சிலரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. வளர்க்கலாமா கூடாதா என்பதை விடுதிக் காப்பாளர் தீர்மானிக்கட்டும். அந்த வழக்கில் நான் புக விரும்பவில்லை. வளர்ப்பதென்று ஆனபின், அதற்கு எத்தகைய தண்ணீர்ப் புட்டி வாங்குவது என்பதே என் பேச்சு. இதுவும் ஒரு விஷயமா என்று நகைப்போர் நகைக்கலாம். 150 கிராம் எடைகூடத் தேறாத ஓர் உயிருக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை என்பேன்.

இதன் பூர்வீகம் சிரியா. 1930-ஆம் ஆண்டில் அஹரோனி என்னும் விலங்கியலார் அலெப்போ நகருக்கருகே நிலத்தைத் தோண்டி ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அக்குடும்பத்தின் வழிவந்தவையே. வறண்ட நிலத்துப் பிராணிதானே, தண்ணீர் குறைந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. சொந்த மண்ணில் அது தன் தேவையைத் தானே தேடிக்கொள்ளும். கூண்டிலோ நாம் வைத்ததுதான் தண்ணீர். 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி நீர். அதைக்கூடத் தவறவிடலாமா?

புட்டியின் நுட்பம் எளிது. தலைகீழாகத் தொங்கும் புட்டியின் நீரை வெளிக்காற்றின் அழுத்தம் தாங்கி நிற்கிறது. குழாயின் முனையில் ஒரு சிறு குண்டு. கோலி சோடா உடைத்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: பிராணி நாவால் குண்டை உள்ளே தள்ளுகிறது, துளி நீர் இறங்குகிறது, ஒரு காற்றுக் குமிழி மேலேறுகிறது. மூடி தளர்ந்தால் காற்றுப் புகுந்து நீர் முழுதும் ஒழுகிவிடும். குண்டு சிக்கிக்கொண்டாலோ ஒரு துளியும் வராது. முதற் குறை கண்ணில் படும். இரண்டாவது, நன்மையின் வேடத்தில் வரும்!

எங்கள் விடுதி நண்பர் ஒருவர், “மூன்று நாளாகியும் புட்டி குறையவில்லை, நல்ல புட்டி!” என்று மெச்சிக்கொண்டார். நான் முனையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. உப்புப் படிந்து குண்டு இறுகிக் கிடந்தது. நல்லவேளையாக, அவர் போட்ட வெள்ளரித் துண்டுகள் அவ்வுயிரைக் காத்திருந்தன.

ஆகவே நண்பர்களே, கடைக்குச் சென்றால் வண்ணத்தையும் பொம்மைப் படத்தையும் பாராதீர்கள். குழாயும் குண்டும் எவர்சில்வராக இருக்கட்டும். ஹாம்ஸ்டரின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன, பிளாஸ்டிக் குழாயை அது கடித்துத் துகளாக்கிவிடும். புட்டி கூண்டுக்கு வெளியே மாட்டத்தக்கதாக, அளவுக் கோடுகளுடன், தூரிகை நுழையும் வாயுடன் இருக்கட்டும். மூடியில் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிராணி தலையைச் சற்றே உயர்த்திக் குடிக்கும் உயரத்தில் மாட்டுங்கள். முனை மரத்தூளில் பட்டால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தூள் நீரையெல்லாம் இழுத்துவிடும். வெயிலிலும் வைக்காதீர்கள், உள்ளிருக்கும் காற்று விரிந்து நீரை வெளியே தள்ளும்.

கிண்ணமே மேல் என்போர் வாதத்திலும் நியாயமுண்டு. கிண்ணம் அடைத்துக்கொள்வதில்லை, ஆனால் விரைவில் அழுக்காகும். கவிழாத பீங்கான் கிண்ணமொன்றைப் புட்டிக்குத் துணையாக வைப்பதே என் கட்சி.

விடுமுறை வருகிறது. இங்கிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள். “புட்டி நிறைய ஊற்றிவிட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியேறுவது அறமாகாது. எவ்வளவு நல்ல புட்டியும் காவலாளியாகாது. நாள்தோறும் நீர் மாற்றி, முனையில் விரல் வைத்துப் பார்க்க ஓர் ஆளை ஏற்படுத்திவிட்டுப் புறப்படுங்கள். அத்தகைய ஆள் கிடைக்காதவர், ஹாம்ஸ்டர் வாங்கும் எண்ணத்தையே கைவிடுவது நன்று. கேட்டுக் குடிக்க வாயற்ற உயிரை நாம்தானே கூண்டில் அடைத்தோம்?