தமிழ்ப்பள்ளி அறிவியலும் சூடானால் நிற்கும் மோட்டாரும்

காலையில் ஒரே உதையில் மோட்டார் கிளம்பிவிடும். பதினைந்து நிமிடம் ஓடி இயந்திரம் நன்றாகச் சூடேறியதும், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் ஓடும். பழைய கப்சாயில் பல்கலைக்கழகம் போய்வரும் நண்பர்கள் பலருக்கு இது பழகிப்போன தொல்லை.

உடனே பட்டறைக்குப் போகிறோம். “பாஸ், அடிக்கடி நின்னு போகுது” என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். முதலில் பிளக் மாறும். அடுத்த வாரம் கார்புரேட்டர் கழுவப்படும். அதற்கடுத்து காயில் மாறும். கல்விக் கடனில் படிக்கும் மாணவருக்கு இது சாப்பாட்டுக் காசு. பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்வது எளிது. ஆனால், பாதிப் பொறுப்பு நம்முடையது என்பதே என் கருத்து.

காரணம் எளிமையானது. இந்தக் கோளாறு சூட்டில்தான் தலைகாட்டும். தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இயந்திரம் ஆறிவிடும். அவர் உதைத்துப் பார்த்தால் நன்றாகவே ஓடும். நோயைக் கண்ணால் பார்த்தவர் நாம் மட்டுமே. நாம் வாய் திறக்காவிட்டால், அவர் ஊகித்துத்தான் பாகங்களை மாற்ற வேண்டும்.

உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் படித்தோமே, நினைவிருக்கிறதா? தேர்வு முடிந்ததும் அவற்றை வகுப்பறையிலேயே விட்டுவிட்டோம். இங்கே அவைதான் தேவைப்படுகின்றன.

சூடேறும்போது இயந்திரத்தில் எது மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதலாவது, உலோகம் விரிகிறது. வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். சில கப்சாய்களில் அது 0.05 மில்லிமீட்டர்தான், நாம் எழுதும் தாளின் தடிமனில் ஏறக்குறைய பாதி. தேய்மானத்தால் அந்த இடைவெளி குறைந்திருந்தால், சூட்டில் அது முற்றிலும் மறைந்து வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசியும், மெதுவான ஓட்டத்தில் இயந்திரம் நின்றுவிடும்.

இரண்டாவது, செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடுகிறது. நல்ல காயில் இதைத் தாங்கும். உள்ளே காப்பு கெட்டிருந்தால் அல்லது கம்பி விட்டிருந்தால், சூட்டில் தீப்பொறி மறைந்து, ஆறியதும் திரும்பி வரும்.

மூன்றாவது, சூடான இயந்திரத்துக்குப் பெட்ரோல் குறைவாகப் போதும். சோக் முழுதாகத் திறக்காவிட்டால் அல்லது இன்ஜெக்‌ஷன் வண்டியில் வெப்ப உணரி “இன்னும் குளிர்ச்சிதான்” என்று தவறாகச் சொன்னால், பெட்ரோல் அதிகமாகி இயந்திரம் திணறும்.

நான்காவது ஒன்று நம்மை ஏமாற்றக் கூடியது. பெட்ரோல் தொட்டி மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போக, வண்டி மீண்டும் ஓடும். நாம் சூட்டைக் குறை சொல்வோம். உண்மையான மாறி சூடு அல்ல, நேரம்.

இதைப் பிரித்தறியச் செலவே இல்லை. அடுத்த முறை நின்றால், சாலையை விட்டு ஒதுங்கி, சாவியை அணைத்து, அருகில் நெருப்போ சிகரெட்டோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூடியைத் திறந்து மூடுங்கள். ஆறவிடாமல் உடனே கிளப்புங்கள். கிளம்பினால் சந்தேகம் மூடியின் மேல். கிளம்பாவிட்டால் மூடி பெரும்பாலும் குற்றவாளி அல்ல. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை மாற்றாமல் வைத்தோம். அவ்வளவுதான் மாறிகளைக் கட்டுப்படுத்துதல்.

எல்லாரும் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வால்வு இடைவெளியைச் சரிசெய்வது தெரிந்தவர் வேலை. கைப்பேசியில் ஐந்து வரி எழுதுவது நம் வேலை: எத்தனை நிமிடத்தில் நின்றது, நிற்கும்போதா ஓடும்போதா, சட்டென்று அணைந்ததா திணறி அணைந்ததா, தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் மீண்டும் கிளம்பியது. இதைக் காட்டினால், நல்ல மெக்கானிக் பாகத்தை மாற்றும் முன் சோதித்துப் பார்ப்பார். சோதிக்காமலே மாற்றச் சொல்பவரிடம் “ஏன்?” என்று மரியாதையாகக் கேட்கும் துணிவும் நமக்கு வரும்.

“படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கறுப்பு எண்ணெய் எதுக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். மதிப்பெண் குறைந்தவர்களுக்குத்தான் தொழிற்கல்வி என்ற எண்ணமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கேள்வி கேட்டு, சோதித்து, ஒவ்வொன்றாக விலக்கும் மெக்கானிக் செய்வதும் அறிவியல்தான்; ஆய்வுக்கூட மேலங்கி மட்டும்தான் இல்லை.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் இயந்திரம் நின்றால், அது காசுப் பிரச்சினை மட்டுமல்ல. பல்கலைக்கழகங்களில் நம் மாணவர் கழகங்கள் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகின்றன, நல்லதுதான். அதோடு ஒரு சனிக்கிழமை, அக்கம்பக்கத்து மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு பழைய மோட்டாரை நடுவில் நிறுத்தி, நான்கு மணி நேரம் கற்றுக்கொள்ளலாமே. வரும் தவணையிலேயே தொடங்கலாம்.