கப்பல் படிப்பு: திரையிலா, வகுப்பிலா?

ப்ளஸ் டூ முடிவு வந்ததும் மெர்ச்சன்ட் நேவி பற்றிக் கேட்டு நம் மாணவர்கள் எழுதுவது வழக்கம். இப்போது அதோடு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டு வருகிறது: “தியரியை ஆன்லைன்லயே படிச்சிடலாமா? இல்ல, சென்னைக்குப் போய் வகுப்புல உட்கார்ந்தே ஆகணுமா?” பயிற்சி நிறுவனங்களைக் கேட்டால் நேரம், செலவு, வசதி என்று பேசி முடித்துவிடுவார்கள். சேரியிலிருந்து வரும் ஒரு மாணவருக்கு அந்தக் கணக்கு போதாது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், தியரி ஏன் இவ்வளவு முக்கியம்? கப்பலில் டெக்கைக் கழுவி, பெயின்ட் அடித்து, கயிறு இழுப்பவரும் கடலில்தான் இருக்கிறார். மேலே பிரிட்ஜில் நின்று கப்பலை நடத்துபவரும் அதே கடலில்தான் இருக்கிறார். இருவருக்கும் நடுவே நிற்பது எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். வெள்ளையர் காலத்தில் இந்தியர்கள் லஸ்கர்களாக, அதிகம் போனால் செராங்காக இருந்தார்கள். இந்தியர்களை அதிகாரிகளாக்கப் பயிற்சிக் கப்பல் ‘டஃபரின்’ பம்பாயில் தொடங்கியதே 1927இல்தான். இன்றைக்கும் நம் பிள்ளைகளிடம் ஊரில் சொல்லப்படுவது, “பத்தாவது போதும், ஆறு மாசம் ஜி.பி. ரேட்டிங் படி, கப்பல் ஏறிடு” என்பதுதான். அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் பிரிட்ஜுக்கு ஏறும் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஒரு விஷயத்தில் குழப்பமே வேண்டாம். கப்பல் ஏறுவதற்கு முந்தைய பயிற்சியை வீட்டில் உட்கார்ந்து முடிக்க முடியாது. எஸ்.டி.சி.டபிள்யூ. என்னும் 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தப்படி, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் உயிர்காப்புத் தெப்பத்தை நீரில் நின்றபடி நிமிர்த்த வேண்டும். நெருப்பை நேரில் அணைத்துக் காட்ட வேண்டும். இதற்குச் செயலி கிடையாது. “மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ், உடனே கப்பல் வேலை” என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். டி.ஜி. ஷிப்பிங் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது, அதைப் பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் பணியாளரிடமே கட்டணம் வாங்குவதைக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் தடை செய்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றிருக்கிறது. கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஆக, தேர்ந்தெடுக்கும் கேள்வி எழுவது அதற்கப்புறம்தான். கடலில் போதுமான மாதங்கள் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்து, செகண்ட் மேட் தேர்வுக்குப் படிக்கும் நேரம். கடல்வழி கணித்தல், சார்ட் வேலை, வானிலை, கப்பலின் நிலைத்தன்மை, சரக்கு ஏற்றுதல், பிரிட்ஜ் காவல். பிறகு வாய்மொழித் தேர்வு.

இங்கே இணையவழிக்குப் பெரிய பலம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டோம். ரேட்டிங்காகச் சேர்ந்து அதிகாரியாக உயர நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் பாதிக்கு மேல் கடலில் இருக்கிறார். கரையில் இருக்கும் மாதங்களில் சம்பளம் கிடையாது. வீட்டில் கடன் இருக்கிறது, தங்கை படிக்கிறாள். சென்னையிலோ மும்பையிலோ அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கு என்று அவரிடம் சொல்வது, படிக்காதே என்று சொல்வதற்குச் சமம். கப்பலிலிருந்தபடி படிப்பது புதிதும் இல்லை. கேடட்டுகள் பயணத்தின்போதே பாடப் பயிற்சிகளை எழுதி அனுப்பும் முறை நெடுநாளாக நடப்பில் உள்ளது. 2024 டிசம்பர் முதல் கப்பல் பணியாளர்களுக்கு இயன்ற அளவு இணைய வசதி தர வேண்டும் என்று மேற்சொன்ன ஒப்பந்தமே திருத்தப்பட்டிருக்கிறது. நிலைத்தன்மைக் கணக்கு, வானிலை, கப்பல் கட்டுமானம் போன்றவற்றைப் பதிவு செய்த பாடமாக நான்கு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்பது வகுப்பைவிட நல்லது என்றுகூடச் சொல்வோம். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு அந்த ‘பாஸ்’ பொத்தான் ஒரு வரம். வகுப்பில் கை தூக்கி “சார், இன்னொரு தடவை” என்று கேட்க எத்தனை பேருக்கு நாக்கு எழும்?

ஆனால் சார்ட் வேலை அப்படி இல்லை. ஒரு சார்ட்டை விரித்தால் சாப்பாட்டு மேசையே மறைந்துவிடும். மேசையே இல்லாத வீட்டில் எங்கே விரிப்பது? பேரலல் ரூலரையும் டிவைடரையும் வைத்துக்கொண்டு, ஐந்து பேர் படுக்கும் ஒற்றை அறையில் எத்தனை மணி நேரம் குனிந்திருப்பது? இன்னொன்றும் உண்டு. 2 டிகிரி வேரியேஷனைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டால் விடை 4 டிகிரி தவறும். அந்தத் திசையில் 60 கடல் மைல் ஓடினால் போக வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 4 மைல் விலகி நிற்போம். நடுவில் ஒரு பாறை இருக்கலாம். திரையில் இருக்கும் விடைத்தாள் “தவறு” என்று மட்டும் சொல்லும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் உங்கள் பென்சிலைப் பார்த்தே எங்கே தடம் மாறினீர்கள் என்று சொல்லிவிடுவார்.

“எல்லாரிடமும்தான் போன் இருக்கிறதே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017–18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கணினி இருந்த வீடுகள் 10.7 விழுக்காடு, கிராமப்புறத்தில் 4.4. அதன்பிறகு போன்கள் பெருகியிருக்கின்றன, உண்மைதான். ஆறு அங்குலத் திரையில் சார்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கலங்கரை விளக்கம் தெரியும், அது நிற்கும் கடற்கரை தெரியாது.

அடுத்து வாய்மொழித் தேர்வு. நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். எதிரே அமர்ந்திருக்கும் தேர்வாளர் கேட்பார்: உன் வலப்புறம் இரண்டு வெள்ளை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது, என்ன கப்பல், எந்தப் பக்கம் போகிறது, நீ என்ன செய்வாய்? எஞ்சினில் ஓடும் கப்பல், நம் பாதையை வலமிருந்து இடமாகக் கடக்கிறது, மோதும் வாய்ப்பு இருந்தால் வழிவிட வேண்டியவர் நாம், அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது. பதில் நமக்குத் தெரியும். அதை 1972ஆம் ஆண்டு மோதல் தவிர்ப்பு விதிகளின் ஆங்கிலத்தில், தடுமாறாமல், கோட்டு போட்ட ஒருவரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக அதிகாரியின் முன் கைகட்டி நிற்கப் பழக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் ஆங்கிலப் பிரச்சினை மட்டுமா? கடல்சார் பல்கலைக்கழகச் சேர்க்கையிலேயே, இயற்பியல், வேதியியல், கணிதக் கூட்டு மதிப்பெண்ணில் நமக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆங்கிலத்தில் கேட்கும் 50 விழுக்காட்டில் தளர்வு இல்லை. தடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பயிற்சி வேண்டும். பேசிப் பேசித்தான் வாய் திறக்கும். அதற்கு எதிரே ஆள் வேண்டும்.

இனி, யாரும் வெளியே சொல்லாத காரணம். நம் மாணவர்களில் சிலர் ஆன்லைனைத் தேர்ந்தெடுப்பது பணத்துக்காக இல்லை. திரையில் யாரும் “உங்க ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்பதில்லை. விடுதி அறையில் யாரும் தட்டைத் தள்ளி வைப்பதில்லை. கோட்டாவில் வந்தவன் என்ற முணுமுணுப்பு இல்லை. கேமராவை அணைத்துவிட்டால் பெயர்கூட வேண்டாம். இந்தக் காரணத்தைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு நாங்கள் இல்லை. அவமானத்தைத் தாங்கு, அதுதான் போராட்டம் என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பது எளிது. தாங்கப்போவது நாம் இல்லையே.

என்றாலும் ஒன்றை யோசிக்கச் சொல்வோம். கப்பல் என்பது இருபது பேர் மாதக்கணக்கில் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு வாழும் இடம். கேமராவை அணைக்க முடியாத இடம் அது. எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எந்தக் கேப்டன் சரியானவர், எந்த ஏஜென்ட் ஏமாற்றுக்காரர் என்ற செய்தியெல்லாம் தேநீர் இடைவேளையில்தான் கைமாறுகிறது. மாமா கேப்டனாக இருக்கும் பையன் ஆன்லைனில் படித்தாலும் அவனுக்கு அது வீட்டிலேயே கிடைத்துவிடும். நமக்கு அந்த மாமா இல்லை. வகுப்பறையில் கிடைக்கும் பத்துத் தோழர்கள்தான் நம் மாமன்கள்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். கணக்கும் வாசிப்பும் திரையில் ஓடட்டும், கப்பலில் இருக்கும்போதே தொடங்குங்கள். சார்ட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் கட்டாயம் நேரில் போங்கள், ஆறு வாரம் கிடைத்தாலும் போங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அறை எடுங்கள். ஊரில் அம்பேத்கர் படிப்பகம் இருந்தால், அங்குள்ள பெரிய மேசையைக் கேளுங்கள். சார்ட் விரிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்த ஆறு வாரத்துக்குப் பணம் யார் தருவது? 2010இல் திருத்தப்பட்ட எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில் வணிக விமானி உரிமப் படிப்புக்கு இடம் இருந்தது. அதே விதிகள் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் படிப்பை, அதன் பிற்காலப் பெயரான ‘ராஜேந்திரா’வோடு சேர்த்துப் பெயர் சொல்லியே விலக்கின. தேர்வுக்கு முந்தைய பயிற்சி மையங்களையும் விலக்கின. வானத்துக்கு உண்டு, கடலுக்கு இல்லை! 2021இல் புதிய விதிமுறை வந்தது. அதன்படி கடல்சார் படிப்புக்கும், செகண்ட் மேட் ஆயத்த வகுப்புக்கும், அதில் இணையவழிப் பகுதிக்கும் தொகை உண்டா என்று உங்கள் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், தாட்கோவிலும் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, நகலை எங்களுக்கு அனுப்புங்கள். மாவட்டத்துக்கு ஒரு பதில் சேர்ந்தால்கூட அதை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.